பழைய கணினிக்கு எந்த லினக்ஸ்? கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நன்றாக ஓடும் கணினிகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பத் தேவையில்லை; லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை அவற்றில் போடலாம். அதில் மின்ட், லுபுண்டு, ஆன்டிஎக்ஸ், டெபியன் என்று பல வகைகள் உண்டு. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஐயா, 2012-இல் வாங்கிய மடிக்கணினி. கோர் ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். எதைப் போடலாம்?

லினக்ஸ் மின்ட், அதிலும் இலகுவான திரை கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் விழிக்கிறதா என்பதெல்லாம் நிறுவாமலே தெரிந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் இன்னும் உள்ளே இருந்தால், அதைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்றை மாட்டுங்கள். எந்த இயங்குதளத்தை மாற்றினாலும் இவ்வளவு வேகம் கிடைக்காது.

மின்ட்டைவிட லுபுண்டு இலகு, அதைவிட ஆன்டிஎக்ஸ் இலகு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சில நூறு எம்பிதான். கணினியை மூச்சு முட்ட வைப்பது பெரும்பாலும் பிரவுசர். குரோமில் ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு ராம் எடுக்கிறது என்ற பட்டியல் வரும். மின்னஞ்சலும் ஒரு செய்தித் தளமும் திறந்திருந்தாலே, இலகுவான பதிப்பைப் போட்டு மிச்சப்படுத்திய ராம் கரைந்துவிடுவதைக் கண்ணால் பார்க்கலாம். 4 ஜிபியோ அதற்கு மேலோ ராம் இருந்தால் இந்தப் போட்டியில் தலையிடவே வேண்டாம், பழகியதை வைத்துக்கொள்ளுங்கள். 2 ஜிபியோ அதற்குக் கீழோ என்றால்தான் தேர்வு முக்கியமாகிறது.

தமிழ்நாடு அரசு எனக்குக் கொடுத்த மடிக்கணினியில் 2 ஜிபி ராம்தான் இருக்கிறது. விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் உண்டு. தங்கையின் படிப்புக்கு உதவுமா?

உதவும். பாஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. ஆனால் அன்று உடன் வந்த அந்தப் பழைய பதிப்போடு இன்று இணையத்துக்குப் போக வேண்டாம். டெபியனை எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான திரையோடு நிறுவி, இசட்ராம் வசதியை இயக்குங்கள். அது ராமில் இருப்பதையே சுருக்கி வைத்து இடம் உண்டாக்கும். ராம் செருகும் இடம் ஒன்று காலியாக இருந்தால் இன்னொரு 2 ஜிபி போடுங்கள். உங்கள் தங்கைக்குப் பெரிய நிம்மதி.

ஆட்டம் என்270 நெட்புக், 1 ஜிபி ராம்?

இது 32 பிட் மட்டுமே அறிந்த பழைய வகைச் செயலி; பின்னால் வந்தவை 64 பிட். டெபியன் 13-இல் இதற்கான நிறுவியே கிடையாது. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-இன் 32 பிட் பதிப்பு ஓடும். ஆனால் 32 பிட் லினக்ஸுக்கான குரோம் 2016-லேயே நின்றுபோனது. ஃபயர்பாக்ஸும் 145-ஆம் பதிப்பிலிருந்து கைவிட்டுவிட்டது. எழுதவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை இதில் திறக்காதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: 32 பிட் விண்டோஸ் இருந்ததாலேயே செயலியும் 32 பிட் என்று முடிவுகட்ட வேண்டாம். கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட்தான். லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் 'எல்எஸ்சிபியு' (lscpu) கட்டளை கொடுத்தால் தெரிந்துவிடும்.

யூடியூப் திக்கித் திக்கி ஓடுகிறது.

யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்களைப் பழைய கிராபிக்ஸ் சில்லால் பிரிக்க முடியாது. முழுப் பாரமும் செயலியின் தலையில் விழுகிறது. 'ஹெச்264இஃபை' (h264ify) என்ற நீட்சியைப் பிரவுசரில் சேர்த்து, 480பி தரத்தில் பாருங்கள். பழைய சில்லுக்கும் பழக்கமான ஹெச்.264 வடிவத்தில் வீடியோவை அது கேட்டு வாங்கும்.

தமிழ்99 தட்டச்சு கிடைக்குமா?

கிடைக்கும். பல மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ் மென்பொருளையும், அதற்கு விசைப்பலகை அமைப்புகள் தரும் எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள்.

கடைக் கணக்கு டேலியில், பில் அச்சடிப்பது கேனான் எல்பிபி 2900-இல். மாறலாமா?

அந்தக் கணினியில் வேண்டாம். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அந்த அச்சுப்பொறியும் கேப்ட் என்ற தனி நெறிமுறையில் பேசுவது. லினக்ஸில் அதை ஓடவைக்க மிகவும் மெனக்கெட வேண்டும். வியாபார நேரத்தில் பில் நின்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். வீட்டில் பழைய கணினி இருந்தால் அதில் தொடங்குங்கள்.

லினக்ஸ் போட்ட பிறகு எந்த இணையதளமும் திறக்கவில்லை, 'பாதுகாப்பற்றது' என்கிறது.

மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் காட்டினால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறினால் தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். அந்த பேட்டரி கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள்.