நேரோபோட்ல நாலு நைட்: தினமும் மரினா புக் பண்ணணுமா?

கேள்வி: பர்மிங்ஹாம்ல இருக்கோம். ஜூன்ல அம்மா அப்பா மதுரையிலேர்ந்து வர்றாங்க. விட்சர்ச்ல நேரோபோட் (கால்வாய்ல ஓடுற ஒடுக்கமான நீளப் படகு, உள்ளயே தங்கிக்கலாம்) வாடகைக்கு எடுத்து நாலு நைட்டுல வேல்ஸ்ல இருக்கிற லாங்கோலன் ஊருக்குப் போயிட்டு வரலாம்னு பிளான். லைசன்ஸ் வேணுமா? ஒவ்வொரு ராத்திரியும் மரினால, அதாவது படகு நிறுத்துற துறையில, இடம் புக் பண்ணணுமா?

ரெண்டுமே வேண்டாங்க. வாடகைப் படகுக்கு உங்ககிட்ட லைசன்ஸ் எதுவும் கேக்க மாட்டாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி எப்படி ஓட்டணும்னு காட்டிக் குடுப்பாங்க, அதைக் கவனமா கேட்டுக்கோங்க. ராத்திரி தங்க மரினா தேவையே இல்ல, கால்வாய் ஓரமா நடைபாதை போகும்ல, டோபாத்னு சொல்வாங்க, போர்டு எதுவும் இல்லாத இடமா பாத்து கரையில இரும்பு முளை அடிச்சு கயிறு கட்டிட்டா போதும், காசே கிடையாது. வளைவு, பாலத்தடி, லாக் (படகை ஏத்தி இறக்குற, கதவு வச்ச தண்ணித் தொட்டி) வாசல் மாதிரி இடத்துல கட்டாதீங்க. மரினா, போட்யார்டெல்லாம் டேங்க்ல தண்ணி ரொப்ப, டாய்லெட் டேங்க் காலி பண்ணன்னு எட்டிப்பாக்குற இடம், அவ்ளோதான். நாலு நைட்டுக்கு டாய்லெட் டேங்க் தாங்கிடும். தண்ணிதான் சீக்கிரம் தீரும், நம்ம வீட்டு சமையல்னா இன்னும் சீக்கிரம், அதனால குழாய் இருக்கிற இடத்தைப் பாத்தா நிறுத்தி ரொப்பிடுங்க.

ஆனா லாங்கோலன் ஊர் மட்டும் வேற கதை. அங்க படகு நிறுத்த தனியா ஒரு பேசின், அதாவது குளம் மாதிரி இடம், இருக்கு, தண்ணி கரன்ட் உண்டு, காசு வாங்குவாங்க, 48 மணி நேரத்துக்கு மேல விட மாட்டாங்க. சீசன்ல சாயங்காலம் போனா இடத்துக்கு அலையணும், மதியத்துக்குள்ள போய்ச் சேருங்க. அந்தப் பேசினைத் தாண்டி இன்ஜின் படகு போகக்கூடாது, குதிரை இழுக்கிற படகு மட்டும்தான்.

எனக்கு உங்க பிளான்லதான் சந்தேகம். விட்சர்ச்லேர்ந்து லாங்கோலன் 30 மைல் பக்கம். மேப்ல பாத்தா ஒண்ணுமில்லாத தூரம், ஆனா கால்வாய்ல ஸ்பீடு லிமிட்டே மணிக்கு 4 மைல், கட்டி வச்ச படகைத் தாண்டும்போது நடக்கிற வேகத்தைவிடக் கம்மியா போகணும். இதுல இன்னொண்ணு, இந்தக் கால்வாய்ல தண்ணி ஓடும். டீ (Dee)ங்கிற ஆத்துத் தண்ணியை தினமும் சுமார் 1.2 கோடி காலன் இது வழியாத்தான் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டு போறாங்க. லாங்கோலன் போகும்போது எதிர்த்துப் போகணும், குறுகலான இடத்துல படகு நகருதான்னே தெரியாது. போக 12 மணி நேரம், வர கொஞ்சம் கம்மி, கணக்குல வரும், ஆனா அப்பா அம்மாவை வச்சுக்கிட்டு தினம் ஏழு மணி நேரம் ஓட்டினா அது டூர் இல்ல, டியூட்டி. பேசாம லாங்கோலனுக்குக் கிட்ட இருக்கிற சர்க் (Chirk) ஊர்லேர்ந்து படகு எடுங்க. முதல்ல லாங்கோலன், ஒரு முழு நாள் அங்கேயே, அப்புறம் திரும்பி, விட்சர்ச் போற வழியில இருக்கிற எல்ஸ்மியர் ஊர் பக்கம் முடிஞ்ச வரைக்கும்.

வழியில பொன்ட்கசல்ட்டே நீர்ப்பாலம் வரும், கால்வாயே இரும்புத் தொட்டியில பள்ளத்தாக்கைத் தாண்டிப் போற பாலம், 1805ல திறந்தது, 307 மீட்டர் நீளம், 38 மீட்டர் உயரம். டோபாத் பக்கம்தான் கம்பி வேலி, இன்னொரு பக்கம் தொட்டி விளிம்பு மட்டும், அதுக்கப்புறம் நேரா பள்ளம். அம்மாவை உள்ள ஜன்னல் ஓரம் உக்கார வைங்க, இல்ல வேலி இருக்கிற பக்கமா நடந்து வரச் சொல்லுங்க. ஒரு படகுதான் போக முடியும், எதிர்ல வந்தா காத்திருக்கணும். லாங்கோலன் கிட்ட குறுகலான இடங்கள்லயும் அப்படித்தான், ஒரு ஆளை இறக்கி முன்னாடி நடந்து போய் பாத்துட்டு வரச் சொல்லுங்க.

எல்ஸ்மியர் போற வழியில நியூ மார்டன்ல ரெண்டு லாக் இருக்கு. கீழ இறங்கும்போது பின்பக்கக் கதவுக்கு உள்ளாற ஒரு கல் படி நீட்டிட்டு இருக்கும், சில்னு பேரு. தண்ணி வடியும்போது படகோட பின்பக்கம் அதுல உக்காந்துச்சுன்னா படகே கவுந்துடும், அதனால சுவர்ல போட்டிருக்கிற கோட்டைத் தாண்டி முன்னாடியே நிறுத்தி வைங்க. அந்த நேரத்துல உள்ள யாரும் டீ போட வேண்டாம்.

அப்புறம், சிங்க்ல ஊத்துறது நேரா கால்வாய்க்குத்தான் போகும். சாம்பார் மிச்சத்தை, எண்ணெயை எல்லாம் அதுல கொட்ட வேண்டாம்னு அம்மாகிட்ட முதல் நாளே சொல்லிடுங்க.