லாக் ஃபைலை அழிக்கலாமா?

கேள்வி: கடை பில்லிங்குக்கு எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருக்கிறோம். டேட்டா 6 ஜிபிதான், லாக் ஃபைலோ 90 ஜிபி! தினமும் இரவு முழு பேக்கப் எடுத்தும் குறையவில்லை. அழித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். டேட்டாவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் ஃபைல் அது, அழித்தால் டேட்டாபேஸ் திறக்காமலே போய்விடலாம். ஃபுல் ரெக்கவரி மாடலில் (லாக் பேக்கப் எடுக்கும்வரை பதிவுகளை அப்படியே வைத்திருக்கும் அமைப்பு) இருந்தால் முழு பேக்கப் எத்தனை எடுத்தாலும் லாக் காலியாகாது, லாக் பேக்கப்பைத் தனியாக எடுத்தால்தான் உள்ளே இடம் விடுபடும். சிஸ்.டேட்டாபேசஸ் (sys.databases) என்ற சர்வரின் டேட்டாபேஸ் பட்டியலில் ‘லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க்’ (log_reuse_wait_desc) பத்தியைப் பாருங்கள். ‘லாக்_பேக்கப்’ என்று காட்டினால் காரணம் இதுதான். 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப் ஓடட்டும். அப்புறம் ஒரே ஒரு தடவை லாக் ஃபைலை ஷ்ரிங்க் செய்து (சுருக்கி) 4 ஜிபி அளவில் விட்டுவிடுங்கள். வாராவாரம் ஷ்ரிங்க் மட்டும் வேண்டாம். ஃபைல் மறுபடி வளரும், வளரும் ஒவ்வொரு முறையும் கவுன்ட்டரில் பில் நின்று நின்று வரும். ஃபைல் ஒவ்வொரு முறையும் வளரும் அளவு 10 சதவீதம் என்றிருந்தால் (2016-க்கு முந்தைய பதிப்புகளில் லாக்குக்கு அப்படித்தான் வரும்) 64 எம்பி என்று மாற்றிவிடுங்கள்.