ரீஃபண்டைச் செலவழித்துவிட்டோம், இப்போது கல்லூரி பில் அனுப்புகிறது

கேள்வி: வட கரோலினாவில் சார்லட் பக்கம் இருக்கிறோம். குடும்பத்தில் எல்லோருக்கும் கிரீன் கார்டு. மகள் அரசுக் கல்லூரியில் முதல் வருடம், வீட்டிலிருந்தே போய்வந்தாள். ஃபாஃப்ஸா (அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) போட்டதில் இந்த செமஸ்டருக்கு பெல் கிராண்ட் (குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை) 3,698 டாலரும், அரசுக் கடனாகக் கைக்கு 2,721 டாலரும் வந்தன. ஃபீஸ் 4,200 போக மீதி 2,219 டாலரை ரீஃபண்டாகக் கல்லூரி அவள் அக்கவுண்டில் டைரக்ட் டெபாசிட் செய்தது. வாடகைக்கும் லேப்டாப்புக்கும் அது செலவாகிவிட்டது. மன உளைச்சல் அதிகமாகி, டாக்டர் சொன்னபடி 33-ஆம் நாள் கல்லூரியில் எழுதிக்கொடுத்துப் படிப்பை நிறுத்தினாள். இப்போது 2,940 டாலர் கட்டச் சொல்லி ஈமெயில் வந்திருக்கிறது. ரீஃபண்டையும் சேர்த்து அரசாங்கத்துக்குத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் சிட்டிசன்ஷிப் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? ரீஃபண்ட் வாங்கக் கல்லூரி சொல்லும் பேங்கில்தான் கார்டு எடுக்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சிட்டிசன்ஷிப் பயத்தை விடுங்கள். பெல் கிராண்ட் வாங்கியதற்காகவோ, கல்லூரிக்குப் பாக்கி இருப்பதற்காகவோ குடியுரிமை மனுவைத் தள்ள முடியாது. அரசு உதவியையே நம்பி வாழ்வாரா என்று பார்க்கும் 'பப்ளிக் சார்ஜ்' சோதனை, குடியுரிமை கேட்பவர்களுக்குக் கிடையாது. இந்த பில் உங்கள் மகள் பெயரில் வந்தது. அவளுக்கு 18 வயது நிரம்பியிருந்து, நீங்கள் எந்தத் தாளிலும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடாதவரை, அது உங்கள் கடன் ஆகாது.

இனி பணத்துக்கு வருவோம். ஃபீஸ் போக மிஞ்சும் ஃபெடரல் உதவிப் பணத்தை, பெரும்பாலும் வகுப்பு தொடங்கிய 14 நாளுக்குள் மாணவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது கல்லூரிக்கு விதி. அதனால்தான் செமஸ்டர் தொடக்கத்திலேயே பணம் வந்து சேர்கிறது. ஆனால் கைக்கு வந்த அன்றே அது முழுவதும் மாணவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. செமஸ்டரில் 60 சதவீதத்தைத் தாண்டும்வரை, படித்த நாட்களுக்கு ஏற்பத்தான் உரிமை சேரும். தாண்டிவிட்டால் முழுப் பணமும் அவளுடையது.

நீங்கள் அனுப்பிய காலண்டர்படி, தேங்க்ஸ்கிவிங் விடுமுறையைக் கழித்தால் செமஸ்டர் 110 நாள். 33 நாள் என்பது 30 சதவீதம். மொத்த உதவி 6,419 டாலர். அதில் 30 சதவீதம், அதாவது 1,925.70 டாலர் அவளுக்கு உரியது. மீதி 4,493.30 திரும்பிப் போக வேண்டும். யார் திருப்புவது என்பதில்தான் உங்கள் நண்பர்கள் குழம்பியிருக்கிறார்கள்.

கல்லூரி தன் ஃபீஸில் 70 சதவீதத்தை, அதாவது 2,940 டாலரை அரசிடம் திருப்ப வேண்டும். அது முதலில் கடனுக்குப் போகும். 2,721 டாலர் கடன் அதிலேயே அடைந்துவிடும். மீதி 219 டாலர் பெல் கிராண்டுக்கு. மகள் பங்காக மிஞ்சுவது 1,553.30 டாலர், முழுவதும் கிராண்ட் பணம். கிராண்டைப் பொறுத்தவரை சட்டம் மாணவரிடம் இரக்கம் காட்டுகிறது: வாங்கிய கிராண்டில் பாதிக்கு மேல் போகும் தொகையை மட்டுமே அவர் திருப்பினால் போதும். 3,698-இல் பாதி 1,849. உங்கள் 1,553.30 அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆக, அரசாங்கத்துக்கு உங்கள் மகள் ஒரு டாலர்கூடத் திருப்ப வேண்டியதில்லை. செலவழித்த 2,219 டாலரை எங்கிருந்தாவது புரட்டி அனுப்பிவிடாதீர்கள்.

அப்படியானால் 2,940 டாலர் பில் எதற்கு? கல்லூரி அரசுக்குத் திருப்பிய அதே தொகையை அவளிடம் கேட்கிறது. காரணம், 4,200 டாலர் ஃபீஸில் கல்லூரி ஒரு காசும் குறைக்கவில்லை. இது ஃபெடரல் கடன் அல்ல. கல்லூரியின் சொந்த ஃபீஸ் விதியிலிருந்து பிறந்த பாக்கி. கல்லூரியின் விதி என்பதால் கல்லூரியிடமே பேசிக் குறைக்க வழி இருக்கிறது. உடல்நலக் காரணத்தால் இடையில் நின்றவர்களுக்கு ஃபீஸைக் குறைக்கவோ ரத்து செய்யவோ மனு செய்யும் வழி பல கல்லூரிகளில் உண்டு. அந்த மனுவுக்குக் கெடு இருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரமே போடுவேன்.

மனுவை மகள்தான் எழுத வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகு மாணவரின் விவரங்கள் அவருக்கே உரியவை. அவள் எழுத்துமூலம் அனுமதி தராதவரை, நீங்கள் ஃபோன் செய்தால் பெரும்பாலும் வாய் திறக்க மாட்டார்கள். ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்துக்கு அவள் தனியாக ஒரு ஈமெயில் அனுப்பி மூன்று விஷயம் கேட்கட்டும்: டைட்டில் ஃபோர் (ஃபெடரல் கல்வி உதவி) பணத்தில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று போட்ட கணக்குத் தாளின் நகல், எந்தத் தேதியைக் கடைசி நாளாக எடுத்தார்கள், எவ்வளவு பணம் என்றைக்கு அரசுக்குத் திரும்பியது.

அந்தத் தேதி முக்கியம். எழுதிக்கொடுத்த நாளுக்குப் பிறகு அவள் ஏதாவது பரீட்சை எழுதியிருந்தாலோ, அசைன்மென்ட் கொடுத்திருந்தாலோ, அந்த நாளையே கடைசி நாளாகக் கல்லூரி எடுத்துக்கொள்ளலாம். ஆன்லைன் வகுப்பில் வெறுமனே லாகின் செய்தது கணக்கில் வராது. ஒவ்வொரு நாள் கூடும்போதும் அவளுக்கு உரிய பங்கு கூடும், பில் குறையும். 44-ஆம் நாள் ஒரு வினாடி வினா எழுதியிருந்தால்கூட 30 சதவீதம் 40 ஆகிவிடும்; பில் 2,520-க்கு இறங்கும். ஆனால் அப்போது கடனில் கொஞ்சம் அடையாமல் நிற்கும், அதைத் தவணையில் கட்ட வேண்டிவரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மனு தள்ளுபடியானால் தவணை முறை கேளுங்கள். பில்லைக் கண்டும் காணாமல் விடாதீர்கள். வசூல் ஏஜென்சிக்குப் போய்விட்டால் தொகையும் ஏறும், பேசிக் குறைப்பதும் கடினம். தொகை கட்டாதவரை அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்யவும் விடமாட்டார்கள்.

கல்லூரி சொல்லும் பேங்கில்தான் கார்டு வாங்க வேண்டுமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2016 ஜூலை முதல் அமலில் உள்ள விதிப்படி, ஏற்கெனவே இருக்கும் அக்கவுண்டிலேயே பணம் பெற மாணவருக்கு உரிமை உண்டு. அதற்காகத் தாமதப்படுத்தக் கூடாது.

மகள் தேறியபின் திரும்பப் படிக்கப் போகும்போது, இந்த செமஸ்டரை முடிக்காததால் படிப்பு முன்னேற்றம் போதவில்லை என்று உதவியை நிறுத்தலாம். அதற்கும் மேல்முறையீடு உண்டு, டாக்டர் கடிதமே அதற்கும் ஆதாரம். இப்போதே தேதியுடன் இரண்டு பிரதி வாங்கிவையுங்கள்: ஒன்று ஃபீஸ் மனுவுக்கு, மற்றது அவள் திரும்பிப் போகும் நாளுக்கு.