கறுப்பு முடிக்குத்தான் லேசர்: கேள்வி பதில்

காரைக்குடியில் தோல் மருத்துவராக இருக்கிறேன். வேண்டாத முடியை லேசரால் நீக்கலாமா என்று சுற்று வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஊரை மட்டும் குறிப்பிட்டு, கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

காரைக்குடி, கல்லூரி மாணவி: லேசர் செய்துகொண்டால் வாழ்நாள் முழுவதும் முடியே வராது என்கிறார்களே, உண்மையா?

முழு உண்மை இல்லை. லேசர் ஒளியை முடியிலுள்ள மெலனின் என்னும் கருநிறமி உறிஞ்சிக்கொள்கிறது. அது சூடாகி, அந்தச் சூடு மயிர்க்காலின் அடிவரை இறங்கி, முடியை மறுபடி முளைக்கச் செய்யும் பகுதியைச் சேதப்படுத்துகிறது. சுற்றியுள்ள தோலைச் சுடாமல் குறிப்பிட்ட நிறமியை மட்டும் சுட முடியும் என்ற இந்தக் கோட்பாட்டை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1983இல் வெளியிட்டார்கள். முடிநீக்கும் லேசர் கருவிகள் அங்கே அனுமதி பெற்று விற்பனைக்கு வந்தது 1990களின் நடுப்பகுதியில்தான்.

ஆனால் ஒரே நேரத்தில் எல்லா முடியும் வளர்ச்சிப் பருவத்தில் இருப்பதில்லை. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில ஓய்ந்திருக்கும், சில உதிரக் காத்திருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் முடியைத்தான் லேசர் நன்றாகப் பிடிக்கும் என்பதால், நீங்கள் எல்லாரும் 'சிட்டிங்' என்று சொல்லும் அமர்வு ஆறு முதல் எட்டு வரை, முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம், உடம்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் என இடைவெளி விட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. அதன் பிறகும் கொஞ்சம் முடி மெலிந்தும் நிறம் குறைந்தும் முளைக்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை மீண்டும் செய்துகொள்ள நேரிடலாம். அமெரிக்க மருந்து நிர்வாகமும் 'நிரந்தர நீக்கம்' என்று சொல்லாமல் 'நிரந்தரக் குறைப்பு' என்றுதான் அனுமதித்திருக்கிறது. 'நூறு சதவீதம் கேரண்டி' என்று எழுதிய பலகையைக் கண்டால், அந்தப் படிக்கட்டில் ஏற வேண்டாம் என்பது என் கருத்து.

கானாடுகாத்தான், ஒரு தாயார்: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். கன்னத்தில் பூனை முடி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மலேசியாவிலிருந்து வருகிறார்கள். அதற்குள் லேசர் வைத்துவிடலாமா?

வைக்க வேண்டாம். என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். நான் அதிகமாக 'முடியாது' என்று சொல்லி மனத்தாங்கலுக்கு ஆளாவதும் இதற்குத்தான்.

பூனை முடி மெல்லியது, நிறம் குறைந்தது. லேசர் பிடித்துக்கொள்ள அதில் போதுமான கருநிறமி இல்லை. ஆகவே முடியை அழிக்கும் அளவுக்குச் சூடு ஏறாது. ஏறும் அரைகுறைச் சூடோ, உறங்கிக்கொண்டிருக்கும் மயிர்க்கால்களைத் தட்டி எழுப்பிவிடுவது உண்டு. அப்போது, இருந்த பூனை முடி தடித்துக் கறுத்து வளரத் தொடங்கும். லேசர் வைத்த இடத்தின் ஓரத்தில் புதிதாகவும் முளைக்கும். மருத்துவத்தில் இதை எதிர்விளைவு முடிவளர்ச்சி என்கிறோம். இது முகத்திலும் கழுத்திலும்தான் அதிகம். நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களிடமும், ஹார்மோன் சீர்கேடு உள்ளவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. கன்னத்துப் பூனை முடியைப் போக்கப் போய், காதோரம் கிருதா போல் முடியோடு வந்த ஒரு பெண்ணை இரண்டு ஆண்டு வைத்தியம் பார்த்தேன். முதலில் எங்கே செய்துகொண்டாள் என்பது இங்கே தேவையில்லை.

காலக்கணக்கும் ஒத்துவரவில்லை. தாடையில் கறுத்துத் தடித்த முடியே இருந்தாலும், குறைந்தது ஆறு அமர்வு என்றால் ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். தைக் கல்யாணத்துக்குப் பங்குனி, சித்திரையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது முதல் அமர்வுக்கு வந்து, தோல் கறுத்துவிட்டால், முகூர்த்தப் புகைப்படத்தில் அதுதான் நிற்கும். உங்கள் மகளுக்கு, கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு பழகிய கையால் த்ரெட்டிங் செய்துகொண்டால் போதுமானது. அதுகூட இல்லாமலும் அழகாகத்தான் இருப்பாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் முடியை அம்மாக்களைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை.

தேவகோட்டை, 24 வயது: தாடையிலும் கழுத்திலும் கறுப்பாக முடி வளர்கிறது. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான். லேசர் செய்தால் சரியாகுமா?

உங்களுடைய முடி லேசருக்கு ஏற்ற முடிதான். ஆனால் லேசர் இரண்டாவது வேலை. மாதவிலக்குத் தள்ளிப்போவதும் தாடையில் முடி வருவதும் சேர்ந்திருந்தால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் எல்லாரும் 'பிசிஓடி' என்பது அதைத்தான். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுத்து, மகப்பேறு மருத்துவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். செலவு தயக்கமாக இருந்தால், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம்.

காரணத்தை விட்டுவிட்டு முடியை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால், ஹார்மோன் புதிய மயிர்க்கால்களைக் கறுக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டை அடைக்காத அண்டாவில் தண்ணீர் ஊற்றும் கதைதான். எடைக் குறைப்பும் மாத்திரையும் தொடங்கி, கூடவே லேசரும் செய்தவர்களுக்குப் பலன் நன்றாகவே இருக்கிறது. மாத்திரையின் பலன் முடியில் தெரிய ஆறு மாதம் ஆகும் என்பதால், இரண்டு மாதத்தில் 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். சில மாதங்களுக்குள் திடீரென்று முடி பெருகி, குரலும் கரகரத்து, முன்மண்டையில் முடி கொட்டினால் மட்டும் ஒரு வாரம்கூடத் தாமதிக்க வேண்டாம். சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

புதுவயல், ஓர் ஆசிரியை: நான் நல்ல கறுப்பு. ஓரிடத்தில் காலுக்கு லேசர் வைத்ததில் கட்டம் கட்டமாகக் கறுத்துவிட்டது. இது போகுமா? இனி எனக்கு லேசரே கூடாதா?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, செங்கல் அடுக்கியது போல் ஒரே அளவில் நீள்சதுரங்கள். சில இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஏறிய ஓரம் மட்டும் இன்னும் கருமையாக இருக்கிறது. அந்த நீள்சதுரம் கருவியின் முனை தோலில் படும் அளவு. அதாவது முடியில் இறங்க வேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொண்டிருக்கிறது.

முடியில் இருக்கும் அதே கருநிறமி நம் தோலிலும் இருப்பதுதான் சிக்கல். ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் தொடங்கிவைத்த ஆறு வகைத் தோல் பிரிவில் நம்மவர் பெரும்பாலும் நான்கு, ஐந்து, சிலர் ஆறு. அலைநீளம் கூடக்கூட மேல்தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவது குறையும். 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் வெள்ளைத் தோலுக்கு அருமையான கருவி, கறுப்புத் தோலுக்கு ஆபத்தானது. 800 சொச்சத்தில் இருக்கும் டையோடு மாநிறத்துக்குப் பொருந்தும். கூடுதல் கறுப்புக்கும் கவனமாகப் பயன்படுத்தலாம். நல்ல கறுப்புக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர்தான் பாதுகாப்பு. வலி சற்றுக் கூடுதல், அமர்வும் ஒன்றிரண்டு கூடும், ஆனால் தோல் தப்பிக்கும். ஆகவே லேசரே கூடாது என்பதில்லை. இந்தக் கருமை முழுதும் தெளியும் வரை பொறுத்திருந்து, அடுத்த முறை முதலில் சிறிய இடத்தில் சோதனை வைக்கச் சொல்லி, ஓரிரு வாரம் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கருமை பெரும்பாலும் மங்கும். காலில் அது மெதுவாகத்தான் நடக்கும். பல மாதம் ஆகலாம். அதற்குள் கண்ட கிரீமையும், முக்கியமாக ஸ்டீராய்டு கலந்த 'சிவப்பாக்கும்' கிரீமையும் போட வேண்டாம்.

சரியாக நடந்த லேசர் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். ரப்பர் பேண்டால் சுண்டுவது போல் சுள்ளென்று இருக்கும், முடி கருகும் வாடை வரும், சற்று நேரத்தில் ஒவ்வொரு மயிர்க்காலும் புல்லரித்தது போல் சிறிதாக மேலெழும். அது ஓரிரு நாளில் அடங்கிவிடும். பத்துப் பதினைந்து நாளில் மிளகுப்பொடி தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் வெளியே வந்து உதிரும். மறுபடி முளைக்கிறதே என்று பயந்து அதைப் பிடுங்குகிறார்கள். அவை செத்த முடிகள்.

பள்ளத்தூர், இளைஞர்: கழுத்துத் தாடிக்கு மூன்று அமர்வு முடிந்தது. தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை போகிறேன். நடுவில் விட்டால் வீணாகிவிடுமா?

வீணாகாது. நாள் முழுக்க வெயிலில் நடந்து கறுத்த தோலில் லேசர் வைப்பதுதான் ஆபத்து. குன்றக்குடி வழியாக நடந்து, பழனியில் முடி இறக்கி, திரும்பி வந்து வெயிற்கருமை அடங்க ஒரு மாதம் விடுங்கள். இடைவெளி சற்று நீள்வதால் நட்டமில்லை. சவரம் செய்தால் கழுத்தில் கொப்புளமும் உள்ளே சுருண்ட முடியும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். லேசருக்கு மிக நன்றாகக் கட்டுப்படுவது இந்தத் தொல்லைதான். ஆனால் தாடி வளர்க்கும் ஆசை பின்னால் வந்தால் அந்த இடம் சொட்டையாக நிற்கும் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர், பெயர் வேண்டாம்: ரேசர் போட்டால் முடி தடித்துவிடும் என்று அம்மா தடுக்கிறார். லேசருக்கு முன் ரேசர்தான் போடச் சொல்கிறார்கள். குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் போட்டாலே போதும் என்கிறார்.

ரேசர் முடியின் மேல்நுனியை மட்டும் வெட்டுகிறது. வேரை அது தொடுவதேயில்லை. வெட்டுப்பட்ட முனை மழுங்கலாக இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தோன்றும், அவ்வளவுதான். இதை 1928ஆம் ஆண்டிலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்பவர் அளந்து பார்த்து எழுதிவிட்டார். குழந்தைக்கு மூன்று மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகும் என்று நம்புகிற ஊரில் இதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். வாக்சிங், த்ரெட்டிங், பிடுங்குதல் மூன்றும் முடியை வேரோடு எடுத்துவிடுவதால், லேசருக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. அதனால் நான்கு வாரம் முன்பே அவற்றை நிறுத்தச் சொல்கிறோம். முந்தின நாள் ரேசர் போடச் சொல்வது, தோலுக்கு மேலே நிற்கும் முடி கருகித் தோலைச் சுடாமல் இருக்க.

கஸ்தூரி மஞ்சள் பூசிக் குளிப்பதைத் தடுக்க மாட்டேன். ஆனால் மஞ்சளோ மையோ பவுடரோ துளியும் இல்லாமல் கழுவிவிட்டு வர வேண்டும். குப்பைமேனி சிலருக்குத் தோலை அரித்துப் புண்ணாக்கிவிடுகிறது. சிகிச்சைக் காலத்தில் வேண்டாம்.

திருப்பத்தூர்: சிங்கப்பூரிலிருந்து தம்பி வீட்டில் செய்துகொள்ளும் கருவி வாங்கி வந்திருக்கிறான். பயன்படுத்தலாமா?

அவற்றில் பெரும்பாலானவை லேசரே அல்ல; ஐபிஎல் என்னும் பல அலைநீளம் கலந்த ஒளி. பெட்டியின் மேல் தோல் நிற அட்டவணை அச்சிட்டிருப்பார்கள். அதைக் கையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசிக் கட்டத்து நிறம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாநிறமாக இருந்தால் கை கால்களில் மெதுவான பலன் கிடைக்கலாம். மச்சத்தின் மேலும், பச்சை குத்திய இடத்திலும், புருவத்தைச் சுற்றியும் ஒருபோதும் கூடாது. புருவத்தருகே வைத்தால் கண்ணின் உட்பகுதிக்குச் சேதம் வரலாம்.

காரைக்குடி: வலிக்கு மரப்புக் கிரீமை வீட்டிலேயே கால் முழுவதும் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு வரலாமா?

கூடவே கூடாது. மரப்பு மருந்து தோல் வழியாக ரத்தத்தில் ஏறி வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரலாம். அமெரிக்காவில் லேசர் முடிநீக்கத்துக்காக அடர்த்தியான மரப்புக் கிரீமைக் காலில் பூசிச் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் இறந்ததை அடுத்து, 2007இல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. மேலுதடு போன்ற சிறிய இடத்துக்கு மருத்துவர் பார்வையில் பூசலாம். காலுக்கு, கருவியின் குளிர்ந்த முனையே போதும்.

கர்ப்பமா என்பதையும், பரு மாத்திரை எடுக்கிறீர்களா என்பதையும் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். கர்ப்பகாலத்தில் நான் தள்ளிப்போடுவேன். அப்போது முளைக்கும் முடியில் பெரும்பகுதி பிள்ளை பிறந்து சில மாதத்தில் தானே உதிரும்.

கண்டனூர், 71 வயது ஆச்சி: தாடையில் நாலைந்து வெள்ளை முடி கம்பி போல் குத்துகிறது. பேரன் லேசருக்கு அழைத்துப் போகிறேன் என்கிறான். எத்தனை தடவை வர வேண்டும்?

ஒரு தடவையும் வர வேண்டாம், ஆச்சி. வெள்ளை முடியில் கருநிறமியே இல்லை. எந்த லேசரும் அதைப் பார்க்காது. மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் ஊசி செலுத்தி மின்சாரத்தால் அழிக்கும் முறை ஒன்று இருக்கிறது. 1875இல் கண் இமை முடிக்காகக் கண்டுபிடித்தது, வெள்ளை முடிக்கும் கேட்கும். ஆனால் நாலைந்து முடிக்காக உங்களை மதுரைக்கு அலைய வைக்க எனக்கு மனமில்லை. பேரனைச் சிறிய கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிடச் சொல்லுங்கள். சர்க்கரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பிடுங்க மட்டும் வேண்டாம்.