எடை குறைந்த கார், கனமான கேள்விகள்

கே: உங்கள் காரில் 130 குதிரைத்திறன்கூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பிறகு அது என்ன ஸ்போர்ட்ஸ் கார்?

ப: என் மைத்துனரும் பார்க்கும்போதெல்லாம் இதையேதான் கேட்கிறார். குதிரைகளை எண்ணுகிறவர்கள் அவை இழுக்கும் பாரத்தை எண்ணுவதில்லை. 1996-இல் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை லோட்டஸ் எலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். திறன் 118 குதிரை, எடை சுமார் 725 கிலோ. ஒன்றரை டன் சொகுசுக் கார் இதே விகிதத்தை எட்ட ஏறத்தாழ 240 குதிரைகள் வேண்டும். 'அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே?' என்பார் மைத்துனர். வளைவு வரும்வரை ஒன்றுதான். பாரம் குறைந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறைகிறது. வளைவுக்கு முன் இன்னும் சற்றுத் தாமதமாகவே பிரேக்கை மிதிக்கலாம். அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த எலிஸின் அடிச்சட்டம் வெறும் 68 கிலோ. அவ்வளவு சிக்கனமாகச் செய்த வண்டியில் பருமனான நண்பர் ஒருவர் ஏறி அமர்ந்தால் அதன் சுபாவமே மாறிவிடும். என் வண்டியில் பின்பெட்டியைக் காலி செய்த நாளையும் மறந்த நாளையும் முதல் திருப்பத்திலேயே சொல்லிவிடுவேன்.

கே: வேகமாகப் போனால் காற்று தூக்கிவிடாதா?

ப: தூக்காது. அது உடலமைப்பைப் பொறுத்த விஷயம். பெரிய லாரியைத் தாண்டும்போது மட்டும் பக்கக்காற்று ஒரு தட்டுத் தட்டும்.

கே: அண்ணன் தன் காருக்கு வைக்கும் காற்றழுத்தத்தையே என் இரண்டு இருக்கை வண்டிக்கும் வைக்கச் சொல்கிறான். சரியா?

ப: உங்கள் அண்ணன் சொன்னதை நானும் ஒருகாலத்தில் செய்தேன். ஈரப் பளிங்குத் தரையில் ரப்பர் செருப்போடு நடப்பதுபோல் இருந்தது. எடை குறைந்த வண்டிக்கு அந்த அழுத்தம் அதிகம். அழுத்தம் மிகுந்தால் டயரின் நடுப்பகுதி மட்டுமே சாலையைத் தொடும். குண்டும் குழியுமான இடத்தில் வண்டி துள்ளும். தயாரிப்பாளர் சொல்லும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். இன்னொன்று: இவ்வகை வண்டிகள் குறைவாகவே ஓடுவதால், டயர் தேய்வதற்குள் அதற்கு வயதாகிவிடுகிறது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

கே: மழை பெய்தால் கால்விரிப்பு நனைகிறது. துணிக் கூரையை மாற்றிவிடலாமா?

ப: பொறுங்கள்! நான் அவசரப்பட்டு மாற்றினேன், அடுத்த மழையிலும் நனைந்தது. மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற வண்டிகளில் கூரையில் விழும் நீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் துளைகள் வழியே கீழே இறங்கும். சருகு அடைத்தால் நீர் உள்ளே தேங்கி, கதவுக்குக் கீழேயுள்ள இரும்பை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். என் வண்டியின் துளையிலிருந்து ஒரு பிடிச் சருகை எடுத்துக் கையில் கொடுத்தார் மெக்கானிக். அப்போது புதுக் கூரையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மென்மையான நைலான் கயிற்றால் குத்திப் பாருங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் கிழியும்.

கே: வயதானவர்கள் ஏறி இறங்க முடியுமா?

ப: ஏறலாம். முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். என் மாமியார் அப்படித்தான் ஏறினார். இறக்க இருவர் தேவைப்பட்டோம். இப்போது நான் சாவியை எடுத்தாலே, "அந்தச் செருப்பிலா போகிறீர்கள்?" என்று கேட்கிறார்.