நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பண்ணைப் பாதுகாப்பு: கேள்வி பதில்

விதிகளை வரிசையாகச் சொன்னால் மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

விதிகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஓர் அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். ஒருவர் அதைச் செங்குத்தாகப் பிடித்து முன்னறிவிப்பின்றி விட, மற்றவர் விரல்களால் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தவர் ஏறத்தாழ 0.2 நொடி எடுத்துக்கொண்டிருக்கிறார். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு (இன்ஜினின் விசையை, இணைத்த கருவிகளுக்குக் கடத்தும் சுழல் தண்டு) பொதுவாக நிமிடத்துக்கு 540 முறை, அதாவது நொடிக்கு 9 முறை சுழல்கிறது. அந்த 0.2 நொடிக்குள் தண்டு எத்தனை முறை சுற்றியிருக்கும் என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். 1.8 என்ற விடை கரும்பலகையில் வந்தபின், "துணி மாட்டினால் சட்டென்று இழுத்துக்கொள்வேன்" என்று சொன்னவர் தாமாகவே அமைதியாகிவிடுவார். தளர்ந்த சட்டை, தொங்கும் துப்பட்டா, பின்னாத முடி ஆகியவற்றைப் பற்றி அதன்பின் பேசினால் போதும்.

தானியக் குவியலில் குதித்து விளையாடுவதை எப்படித் தடுப்பது? அது மெத்தை போன்றது என்று நினைக்கிறார்கள்.

அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, தானியத்தை நிரப்பி, மேலே ஒரு சிறிய பொம்மையை நிற்க வைத்து, மூடியைத் திறந்துவிடுங்கள். தானியம் கீழே வடிய வடியப் பொம்மையும் உள்ளே இழுக்கப்படும். பாதி புதைந்ததும் மூடியை இட்டு, பொம்மையின் இடுப்பில் முன்பே கட்டிய நூலை மாணவர் ஒருவரிடம் கொடுத்து இழுக்கச் சொன்னால், நின்றுவிட்ட தானியமும் எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதைக் கையே உணரும். புதைந்தவரைக் காப்பாற்ற இன்னொருவர் உள்ளே குதிக்கக் கூடாது. தானியத்தை வெளியேற்றும் இயந்திரம் ஓடினால் அதை நிறுத்திவிட்டு உதவிக்கு அழைக்க வேண்டும்.

சாணக் குழிக்கும் இதே கட்டுப்பாடுதான். அங்கே உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால், நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி இறங்குவது மிகப் பெரிய தவறு.

பூச்சிக்கொல்லி பற்றி எவ்வளவு சொல்லலாம்?

சுருக்கமாகச் சொன்னால் போதும். குடிநீர் பாட்டிலில் மருந்தை ஊற்றி வைக்கக் கூடாது. பெயர்ச்சீட்டு இல்லாத எதையும் தொடவோ முகரவோ கூடாது.

என் மகனுக்கு வயது 12. டிராக்டரை நன்றாகவே ஓட்டுகிறான். எதற்காகத் தடுக்க வேண்டும்?

அவன் நன்றாக ஓட்டுகிறான் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கவலை வேறு. இருக்கையில் முதுகு சாய்ந்தபடியே கிளட்சையும் பிரேக்கையும் முழுமையாக மிதிக்க அவன் கால் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டினாலும், முன்சக்கரம் மேலெழும் நேரத்தில் முடிவெடுக்கும் பக்குவம் அந்த வயதில் வருவதில்லை. டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ ஏறக்குறைய ஒன்றரை நொடிதான் ஆகும். பெரியவர்களே அதற்குள் எதுவும் செய்ய முடிவதில்லை. மட்கார்டில் தம்பியை ஏற்றிக்கொள்வதையும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

தன்னுடல் பாதுகாப்பையும் இதே வகுப்பில் சேர்க்கலாமா?

சேர்க்கத்தான் வேண்டும். இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரே திறமை: பெரியவர் ஒருவரிடம் "மாட்டேன்" என்று சொல்வது. மரியாதை என்ற பெயரில் அதைச் சொல்லவே நாம் பிள்ளைகளைப் பழக்குவதில்லை. ஆகவே இருவர் இருவராக நிற்க வைத்து, ஒருவர் அவசரப்படுத்தும் பெரியவராகவும் மற்றவர் மறுப்பவராகவும் நடிக்கட்டும். "மாமா, இன்ஜின் ஓடும்போது அடைப்பை எடுக்க மாட்டேன், நிறுத்துங்கள்" என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகியவருக்கு, "என்னைத் தொடாதீர்கள், அம்மாவிடம் சொல்லுவேன்" என்பதும் எளிதாகும். பயிற்சிக்குப்பின் யாரேனும் தனியாக வந்து எதையாவது சொன்னால், குறுக்கு விசாரணை செய்யாமல் கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவித்துவிடுங்கள். அவர் யார் என்பதை வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.