முதியோர் இருக்கும் வீட்டில் தீ: வாசகர் கேள்விகள்

கேள்வி: 76 வயது அம்மா தனியாக இருக்கிறார். போன வாரம் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வாடையே அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டார்தான் வந்து மூடினார்கள். என்ன செய்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: சமையல் கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற வாடைப் பொருளைக் கலக்கிறார்கள். வயதாக ஆக மூக்கின் கூர்மை குறையும் என்பதால், "பார்த்து இரும்மா" என்று சொல்லிப் பயனில்லை. மூக்கின் வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

கடையில் எஃப்.எஃப்.டி. (சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் கருவி) உள்ள அடுப்பு என்று கேளுங்கள். பர்னர் பக்கத்தில் சின்னக் கம்பி ஒன்று இருக்கும். சுடர் பட்டுச் சூடாக இருக்கும்வரைதான் அது வால்வைத் திறந்து வைத்திருக்கும். அணைந்து ஆறினால் கேஸ் தானாக நின்றுவிடும். பற்றவைக்கும்போது குமிழைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே கையை எடுத்துவிட்டு "சுடர் நிற்கவே மாட்டேங்குது" என்பார்கள். இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பழக்குங்கள். கம்பியில் பால் காய்ந்து படிந்தாலும் இதே தொல்லைதான், துடைத்தால் சரியாகும்.

கேஸ் கசிவு அலாரமும் வாங்குங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படியும். எனவே அலாரத்தைச் சிலிண்டர் பக்கம், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்ட வேண்டும். மேலே மாட்டினால் காசு வீண். ரப்பர் டியூப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். அதற்குத் துணி உறை போடாதீர்கள், வெடிப்பு கண்ணில் படாது.

அலாரம் அடித்தால் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்துவிட வேண்டும். எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படித்தான். போட்டாலும் அணைத்தாலும் பொறி வரும். வெளியே வந்தபின் கேஸ் கசிவு அவசர உதவி எண் 1906-க்குப் போன் செய்யலாம்.

இண்டக்‌ஷன் அடுப்பும் நல்ல வழிதான். ஆனால் ஈயச்சொம்பு ரசத்தை மறந்துவிட வேண்டும்; காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் சுடும். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கிறோம். அதே அறையில் சாமி விளக்கு ஏற்றலாமா?
- வாசகர், சேலம்

பதில்: கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிகிற எதையும் மூர்க்கமாக எரிய வைக்கும். மூக்குக் குழாயிலிருந்து கசிவது வேட்டி, போர்வை, தலையணையில் தங்கும். ஒரு பொறி விழுந்தால் போதும். விளக்கு, சூடம், ஊதுபத்தி, கொசுவர்த்தி, பீடி எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. வீட்டில் வேறிடத்தில் ஏற்றுவதானாலும் குறைந்தது 10 அடி தள்ளி இருக்கட்டும். சாமிக்கு எல்.இ.டி. விளக்கு வைத்தால் குற்றமில்லை.

குழாயைக் கழற்றினால் இயந்திரத்தையும் அணையுங்கள். ஓடவிட்டு மெத்தைமேல் போடுவதுதான் பெரிய தவறு. மூக்கு காய்ந்தால் வாஸ்லைன், தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நீர் சார்ந்த ஜெல் எது என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள்.

கேள்வி: சேலையில் தீப்பிடித்தால் உருள வேண்டும் என்கிறார்கள். மூட்டுவலிக்காரர் எப்படி உருளுவார்?
- வாசகி, மதுரை

பதில்: முடிந்தால் படுத்து உருளலாம். முடியாதவர் ஓடாமல் நின்று, முகத்தைக் கையால் மூட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஜமுக்காளம் அல்லது கம்பளியால் கழுத்திலிருந்து கீழ்நோக்கி இறுகச் சுற்றி அணைக்கலாம். நைலான் போர்வை உருகி ஒட்டும், வேண்டாம். தனியாகச் சமைப்பவர் கைக்கெட்டும் ஆணியில் ஒரு கம்பளி தொங்கட்டும். அணைந்ததும் தீப்பட்ட இடத்தை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். வீங்குமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். இங்க், பேஸ்ட், மஞ்சள் எதையும் பூசாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.